செவாலியே தேயோனின் கறுப்புக் கவுன்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு ஓர் ஆண் கடைவீதியில் காய்கறி வாங்குகிறார். அவ்வளவுதான் வீடியோ. அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "இப்படி வெளியே வர எங்கிருந்துதான் தைரியம் வருதோ" என்று ஒருவர் கேட்டிருந்தார். கேலியாகக் கேட்டதுதான். எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. வரலாற்று வாத்தியாரிடம் கேள்வி கேட்டால் பதில் நீளமாகத்தான் வரும் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

செவாலியே என்றால் நமக்கெல்லாம் சிவாஜி கணேசன்தான். பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு வீரர், பட்டம் பெற்றவர் என்று பொருள். (அந்தச் சிவாஜியே நாடகக் கம்பெனியில் சிறுவனாக இருந்தபோது சீதை வேடம் கட்டியவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.) நான் சொல்லப்போவது பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதும் பேசிய இன்னொரு செவாலியேயைப் பற்றி. பெயர் தேயோன். பிரான்சில் பர்கண்டிப் பகுதியில் தொன்னேர் என்ற சிற்றூரில் 1728 அக்டோபர் 5 அன்று பிறந்தார்.

ஆங்கிலத்தில் தேயோனைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் பக்கத்திலேயே திணறுவார்கள். 'ஹீ' போடுவதா, 'ஷீ' போடுவதா என்று. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 'அவர்' என்ற ஒரு சொல்லில் மரியாதையும் இருக்கிறது, ஆணா பெண்ணா என்ற விசாரணையும் இல்லை. இந்தக் கட்டுரை முழுக்க அவர்தான்.

அவருடைய முதல் பாதி வாழ்க்கை, பரீட்சைக்கு வருகிற மாதிரியான வாழ்க்கை. பாரிசில் சட்டம் படித்தார். மன்னர் பதினைந்தாம் லூயி தன் அமைச்சர்களுக்கே தெரியாமல் ஓர் உளவு வலையை வைத்திருந்தார்; தேயோன் அதில் சேர்ந்து 1756-இல் ரஷ்ய அரசவைக்குப் போனார். அங்கே பெண் வேடத்தில் போய் மகாராணியிடம் பழகினார் என்று ஒரு கதை உண்டு. சுவையான கதை, ஆனால் ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. பிறகு ஏழாண்டுப் போரில் குதிரைப்படைத் தலைவராகச் சண்டை போட்டார்.

ஏழாண்டுப் போர் என்றதும் என் மாணவர்களுக்குப் புதுச்சேரி நினைவு வர வேண்டும். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் அதைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள். 1763 பாரிஸ் ஒப்பந்தப்படி அது மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. அந்த ஒப்பந்தப் பேச்சுக்காக லண்டன் போன பிரெஞ்சுத் தூதுக்குழுவின் செயலாளர் வேறு யாருமல்ல, நம் தேயோன். இங்கிலாந்து அரசர் ஒப்புதல் தந்த படியை வெர்சாய் அரண்மனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் அவரே. அதற்குப் பரிசாகப் புனித லூயி சிலுவைப் பதக்கம் கிடைத்தது. இந்தப் பதக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு தூதராக வந்த கெர்ஷி பிரபுவோடு பெரிய தகராறு. ஊருக்குத் திரும்பி வா என்றதற்குத் தேயோன் மறுத்தார். 1764-இல் தூதரகக் கடிதங்களையே புத்தகமாக அச்சடித்து விற்றார்! அவரிடம் இன்னும் ஆபத்தான காகிதங்கள் இருந்தன. இங்கிலாந்தின் மீது படையெடுக்க மன்னர் போட்டுவைத்த ரகசியத் திட்டம் அது. வெளியே வந்தால் மறுபடி போர்தான். எனவே மன்னர் ஆண்டுக்கு 12,000 லிவர் ஓய்வூதியம் கொடுத்து அவரைச் சமாதானமாக வைத்திருந்தார். வாயை மூடுவதற்கு இவ்வளவு நல்ல ஓய்வூதியம் வாத்தியார்களுக்கும் கொடுக்கலாம்.

1770 வாக்கில் லண்டனில் ஒரு வதந்தி கிளம்பியது: தேயோன் உண்மையில் பெண் என்று. அதைக் கிளப்பியதே தேயோன்தான் என்று கருதுகிற ஆய்வாளரும் உண்டு. வதந்தியோடு நிற்கவில்லை, பங்குச் சந்தைக்காரர்கள் பந்தயம் கட்டினார்கள். ஆணா, பெண்ணா? குதிரைப் பந்தயம் மாதிரி விகிதம் போட்டுப் பணம் புரண்டது. தேயோன் 1771-இல் ராணுவ உடையில், கையில் தடியோடு, பந்தயம் நடந்த காப்பிக் கடைகளுக்கே நேரில் போய்ச் சவால் விட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. பந்தயமும் நிற்கவில்லை.

பதினைந்தாம் லூயி 1774-இல் இறந்தார். புதிய மன்னருக்கு அந்தக் காகிதங்கள் வேண்டும். பேரம் பேச அனுப்பப்பட்டவர் நாடக ஆசிரியர் போமார்ஷே. 1775 நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. காகிதங்களைத் தேயோன் கொடுத்துவிட வேண்டும், தான் பெண் என்று ஒப்புக்கொண்டு இனிப் பெண் உடையே அணிய வேண்டும், ஓய்வூதியம் தொடரும்.

அதற்குள் பந்தய வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தது. 1777 ஜூலையில், மான்ஸ்ஃபீல்ட் பிரபு முன்னிலையில், தேயோன் பெண்தான் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. சம்பந்தப்பட்டவரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. மறு ஆண்டு இதே மாதிரி இன்னொரு வழக்கு வந்தபோது அதே மான்ஸ்ஃபீல்ட் வேறு மாதிரி பேசினார். தனக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவருடைய உடம்பைப் பற்றிப் பந்தயம் கட்டிவிட்டு அதற்கு நீதிமன்றத்தில் சாட்சி கொண்டுவரக் கூடாது, அப்படிப்பட்ட பந்தயம் செல்லாது என்றார். சட்டம் படிக்கிறவர்கள் இன்றும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். குழுவில் வீடியோ அனுப்பியவர்களும் படிக்கலாம்.

1777 ஆகஸ்டில் தேயோன் வெர்சாய் திரும்பினார், ராணுவச் சீருடையில்! மன்னர் உடனே எழுத்தில் ஆணை போட்டார்: சீருடை கூடாது, பெண் உடைதான். ராணி மரி அந்துவானெத்தின் உடையலங்காரக்காரி ரோஸ் பெர்த்தான் வந்து அளவெடுத்தார். அந்த ஆண்டு நவம்பரில் தேயோன் முதன்முதலாகப் பெண்ணாக அரசவையில் நின்றார். அப்போது வயது 49.

அவர் அழகாக இருந்தாரா? இல்லை. குட்டையான, கட்டுமஸ்தான உடம்பு. வாள் பிடித்த கை. குதி உயர்ந்த செருப்பில் நடக்கத் தெரியவில்லை. நளினம் கிடையாது, பேச்சு சத்தம். அரசவைப் பெண்கள் சிரித்தார்கள். பிற்பாடு லண்டனில் அவரைச் சந்தித்த எழுத்தாளர் பாஸ்வெல், பெண் உடை போட்ட ஆணாகத்தான் தனக்குத் தெரிந்தது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஹொரேஸ் வால்போலும் அவருடைய கையையும் தோளையும் பற்றிக் குத்தலாக எழுதினார். இதெல்லாம் தேயோனுக்குத் தெரியாதா? பத்திரிகைகளில் கேலிச் சித்திரமே வந்துகொண்டிருந்தது.

ஆரம்பத்தில் அவர் அந்த உடையோடு சண்டைதான் போட்டார். அமெரிக்கப் போருக்குப் போக வேண்டும், சீருடை தாருங்கள் என்று விண்ணப்பம் மேல் விண்ணப்பம். தொல்லை தாங்காமல் 1779-இல் அவரைப் பிடித்து திஜோன் கோட்டையில் அடைத்தார்கள். சில வாரங்களில் விட்டு, சொந்த ஊருக்கு அனுப்பினார்கள். தொன்னேரில் தாயாரோடு சில ஆண்டுகள்.

1785-இல் லண்டன் திரும்பினார். இங்கேதான் எனக்கு இந்த வாழ்க்கையில் மிக முக்கியமான இடம் வருகிறது. பிரெஞ்சு மன்னரின் ஆணை லண்டன் தெருவில் செல்லுபடியாகாது. அங்கே அவர் பழையபடி கோட்டு மாட்டிக்கொண்டிருக்கலாம். போகப் போகப் புரட்சி வந்தது, ஓய்வூதியம் நின்றது, 1793-இல் ஆணை போட்ட மன்னரின் தலையே போயிற்று. கட்டளை போட்டவரும் இல்லை, கட்டுப்பட வேண்டிய காசும் இல்லை. ஆனால் தேயோன் கவுனைக் கழற்றவில்லை.

பணத்துக்காகத்தான் என்று சிலர் சொல்வார்கள். அதிலும் உண்மை உண்டு. 'வாள் வீசும் பெண்' என்று விளம்பரம் செய்தால் டிக்கெட் விற்கும். அதில் பேர்போன நாள் 1787 ஏப்ரல் 9. வேல்ஸ் இளவரசரின் கார்ல்டன் மாளிகை. எதிரே நின்றவர் செவாலியே சேன் ஜோர்ஜ். குவாதலூப் தீவில் அடிமைப் பெண் ஒருத்திக்கும் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிக்கும் பிறந்தவர், பெரிய இசைமேதை, ஐரோப்பாவின் சிறந்த வாள்வீரர்களில் ஒருவர். அவருக்கு நாற்பது சொச்சம். தேயோனுக்கு 58. கறுப்புக் கவுன், தலையில் வெள்ளைத் தொப்பி, மார்பில் அந்தச் சிலுவைப் பதக்கம். கனமான பாவாடையோடு பாய்ந்து தேயோன் அடிகளைப் பதித்தார். அந்தக் காட்சி ஓவியமாக இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

அந்தப் பதக்கத்தை நினைவு வைக்கச் சொன்னேன் அல்லவா? அது போர்வீரனுக்குக் கொடுக்கிற பதக்கம். பெண்ணாக வாழத் தொடங்கியதும் பழைய வாழ்க்கையை ஒளித்துவைக்க வேண்டும் என்று தேயோன் நினைக்கவில்லை. கவுனின் மேல் குத்திக்கொண்டார். ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி படியேறினார், சத்தமாகப் பேசினார், வாள் வீசினார், மேலே கவுன். பார்க்கிறவர் கண்ணுக்குப் பொருத்தமாக ஆன பிறகுதான் வெளியே வருவேன் என்று அவர் காத்திருந்தால், வாழ்நாள் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்திருப்பார். 1792-இல் பெண்கள் படை ஒன்றைத் திரட்டித் தானே தலைமை தாங்குவதாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கு எழுதினார். அதே ஆண்டு மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பெண்ணுரிமைக்காக எழுதிய புத்தகத்தில் சிறந்த பெண்களின் பெயர் வரிசையில் தேயோனையும் சேர்த்தார்.

1796-இல் சவுதாம்ப்டனில் ஒரு காட்சியில் எதிராளியின் வாள் முறிந்து உடம்பில் குத்தியது. அதோடு வாள் வீச்சு முடிந்தது. அதற்கு முன்னாலேயே புத்தகங்கள் ஏலத்தில் போய்விட்டன. கோல் என்ற விதவைப் பெண்மணியோடு ஒரே வீட்டில் ஒதுங்கினார். 1804-இல் கடனுக்காகச் சிறை. பிறகு கீழே விழுந்து படுத்த படுக்கை. காட்சி இல்லை, டிக்கெட் இல்லை, பார்க்க வருபவரும் அதிகம் இல்லை. பணத்துக்காக என்று சொல்பவர்களை நான் கேட்பது இந்தக் கடைசி 14 ஆண்டுகளைப் பற்றித்தான். அப்போதும் பெண் உடையில்தான் இருந்தார்.

1810 மே 21 அன்று, 81 வயதில் இறந்தார். உடலைக் கழுவ வந்தபோதுதான் தெரிந்தது. மருத்துவர்கள் பரிசோதித்து எழுதிக் கொடுத்தார்கள்: உடல் ஆணின் உடல். வருடக்கணக்காகக் கூடவே இருந்த கோல் அம்மாளுக்கே அது பேரதிர்ச்சி. ஆணாக 49 ஆண்டு, பெண்ணாக 33 ஆண்டு என்று கணக்குப் போட்டுச் சொல்வது வழக்கம். திருநங்கை என்பதா, பெண் உடை விரும்பிய ஆண் என்பதா? அந்தக் காலத்தில் அவர் கையில் இந்தச் சொற்கள் இல்லை. நான் ஒன்றை எடுத்து ஒட்டப்போவதில்லை. பின்னால் வந்த மனநூல் அறிஞர் ஹேவ்லக் எல்லிஸ் இந்த விருப்பத்துக்கே 'இயோனிசம்' என்று அவர் பெயரை வைத்தார். 1966-இல் இங்கிலாந்தில் மாற்றுடை அணிபவர்கள் தங்களுக்கென ஒரு சங்கம் தொடங்கியபோது, தேயோனின் குடும்பப் பெயரான போமோனையே வைத்து, போமான்ட் சங்கம் என்று பெயரிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, அந்தக் கால லண்டன் எவ்வளவு பெருந்தன்மையான ஊர் என்று யாரும் நினைக்க வேண்டாம். தேயோனைக் காப்பாற்றியது பெரிய இடத்துப் பழக்கமும், பெண்தான் என்ற நீதிமன்றத் தீர்ப்பும். அவை இல்லாதவர்கள் கதை வேறு. தேயோன் இறந்து ஏழு வாரத்தில், 1810 ஜூலையில், வியர் தெருவில் ஒரு மதுக்கடையில் போலீஸ் புகுந்தது. ஆண்கள் கூடுகிற இடம் அது. தங்களுக்குள் பெண் பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொள்வார்கள், விளையாட்டாகக் கல்யாணமும் நடத்துவார்கள். செப்டம்பரில் அவர்களில் சிலரை நடுத்தெருவில் மரச்சட்டத்தில் பூட்டி நிறுத்தினார்கள். ஆயிரக்கணக்கான கூட்டம் சேறும் அழுகிய முட்டையும் வீசியது. வீசியவர்களில் சிலர் தேயோனின் வாள் வீச்சுக்குக் கைதட்டியவர்களாகவும் இருந்திருக்கக்கூடும். நம் ஊரிலும் கூத்தில் திரௌபதி வேடம் கட்டியவருக்கு விடிய விடியக் கைதட்டுவோம். காலையில் அதே புடவையோடு அவர் டவுன் பஸ்ஸில் ஏறினால் என்ன செய்வோம் என்பது உங்களுக்கே தெரியும்.

தேயோனைப் புதைத்தது லண்டன் செயின்ட் பான்கிராஸ் கல்லறைத் தோட்டத்தில். கல்லறை இப்போது இல்லை. அங்கே உள்ள நினைவுத் தூணில் பெயர் பொறித்திருக்கிறது.

இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. பல ஆண்டுகளாக ஓர் ஓவியம், இறகு வைத்த தொப்பி போட்ட யாரோ ஒரு பெண்மணியின் படம் என்று கைமாறிக்கொண்டிருந்தது. ஓவிய வணிகர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தபோது முகவாயில் லேசான நீலநிழல் தெரிந்தது. சுத்தம் செய்து பார்த்தால், மழித்த தாடியின் தடம். தாமஸ் ஸ்டூவர்ட் 1792-இல் வரைந்த தேயோன். கறுப்புக் கவுன், மார்பில் பதக்கம், தொப்பியில் புரட்சியின் மூவண்ணக் குஞ்சம். தாடித் தடத்தை ஓவியரும் மறைக்கவில்லை, மறைக்கச் சொல்லி அவரும் கேட்டதாகத் தெரியவில்லை. 2012-இல் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் அதை வாங்கியது. லண்டனில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.