மெலன்பியின் நாய்க்குட்டிகள்: ஓர் உயிர்ச்சத்தின் வரலாறும் அதன் விலையும்

வளரும் நாய்க்குட்டிக்கு எதை உணவாகக் கொடுப்பது என்பது இன்று கால்நடை மருத்துவரிடம் கேட்டறியும் வீட்டுக் கேள்வி. நூறாண்டுகளுக்கு முன்பு அதே கேள்வி பிரித்தானியத் தொழில் நகரங்களின் ஏழைக் குழந்தைகளைப் பற்றிய பெரும் விவாதத்தின் மையத்தில் நின்றது. அந்த விவாதம் தீர்ந்த விதத்தைப் பாடநூல்கள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன: 1919இல் எட்வர்ட் மெலன்பி நாய்க்குட்டிகளைக் கொண்டு ரிக்கெட்ஸ் நோயின் காரணத்தைக் கண்டறிந்தார் என்று. அந்த ஒரு வரிக்குள் மறைந்திருப்பவை பல.

புகை மூடிய லண்டன், கிளாஸ்கோ, மான்செஸ்டர் நகரங்களின் நெருக்கடியான குடியிருப்புகளில் வளர்ந்த குழந்தைகளிடையே ரிக்கெட்ஸ் மிகப் பரவலாக இருந்தது. எலும்புகள் போதிய சுண்ணாம்புச் சத்தேறாமல் மென்மையாகி, கால்கள் வில்லாக வளைந்தன. மணிக்கட்டுகள் வீங்கின. விலா எலும்புகளின் முனைகளில் மணிமாலைபோல் முடிச்சுகள் தோன்றின. பெண் குழந்தைகளின் இடுப்பெலும்பு சுருங்கி, பிற்காலத்தில் பிள்ளைப்பேறே உயிருக்கு ஆபத்தாக முடிந்ததும் உண்டு.

காரணம் குறித்து இரு தரப்புகள் இருந்தன. கிளாஸ்கோவின் லியனார்ட் ஃபிண்ட்லே, நாய்க்குட்டிகளை அடைத்து வைத்தால் நோய் வருகிறது, ஓடியாட விட்டால் வருவதில்லை என்று 1908இல் எழுதினார். 1918இல் நோயல் பேட்டனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வும் அடைபட்ட வாழ்வையும் தூய்மைக் குறைவையுமே முதன்மைக் காரணங்களாக நிறுத்தியது. மற்றொரு தரப்பு உணவைச் சுட்டியது. விவாதம் ஆய்வகத்துக்கு உள்ளே மட்டும் நடந்ததன்று. குற்றம் குடியிருப்பினுடையதா, உணவினுடையதா என்பதைப் பொறுத்தே பொறுப்பு நகராட்சியின்மேல் விழுமா, வீட்டு உரிமையாளர்மேல் விழுமா, அல்லது 'பிள்ளை வளர்க்கத் தெரியாதவள்' என்று தாயின்மேலேயே விழுமா என்பது முடிவாகும்.

உணவுத் தரப்பிடம் ஒரு பழைய சான்று இருந்தது. 1889இல் லண்டன் விலங்குக்காட்சிச் சாலையில் சிங்கக் குட்டிகள் ரிக்கெட்ஸால் அடுத்தடுத்து இறந்துகொண்டிருந்தன. கொழுப்பற்ற குதிரை இறைச்சியே அவற்றின் உணவு. அந்த எலும்புகளைக் கடித்து நொறுக்கும் வலிமை குட்டிகளுக்கு இல்லை. அறுவை மருத்துவர் ஜான் பிளாண்ட்-சட்டன், நொறுக்கிய எலும்பு, பால், காட் மீனின் ஈரல் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்க்கச் சொன்னார். சில மாதங்களில் குட்டிகள் தேறின. ஆனால் எலும்பு, பால், எண்ணெய் ஆகிய மூன்றில் எது குணப்படுத்தியது என்பதை அந்தச் சான்று சொல்லவில்லை.

அதைப் பிரித்தறியும் முறையை வகுத்தவர் மெலன்பி. 1884இல் பிறந்த அவர், லண்டனில் கிங்ஸ் கல்லூரியின் பெண்கள் பிரிவில் உடலியங்கியல் கற்பித்துக்கொண்டிருந்தார். மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவுடன், தாய்ப்பால் மறந்த சில வாரக் குட்டிகளுக்கு ஓட்ஸ் அல்லது ரொட்டி, அளவான பால், சிறிது உப்பு எனும் உணவைக் கொடுத்தார். ஸ்கர்வி குறுக்கிடாதிருக்க ஆரஞ்சுச் சாறும், வேறு குறை நேராதிருக்க ஈஸ்டும் பிற்பாடு சேர்ந்தன. மற்றவற்றை மாற்றாமல் கொழுப்பை மட்டும் மாற்றிப் பார்த்தார். ஆளிவிதை எண்ணெய் உண்ட குட்டிகளின் கால்கள் வளைந்தன. காட் மீனின் ஈரல் எண்ணெய் உண்டவை நேராக வளர்ந்தன. வெண்ணெய் இடைநிலைப் பலன் தந்தது. எக்ஸ்ரே படம், எலும்பின் சுண்ணாம்பு அளவு, நுண்ணோக்கிச் சோதனை ஆகிய மூன்றும் ஒரே முடிவைக் காட்டின. 1919 மார்ச்சில் 'லான்செட்' இதழில் கட்டுரை வெளிவந்தது.

இந்த ஆய்வின் மற்றொரு பாதி பெரும்பாலும் பேசப்படுவதில்லை. அதே குட்டிகளின் பற்களை ஆராய்ந்தவர் அவருடைய மனைவி மே மெலன்பி. குறை உணவில் வளர்ந்த குட்டிகளின் பற்கள் தாமதமாக முளைத்ததையும், எனாமல் சீராக அமையாததையும் அவர் 1918லேயே வெளியிட்டுவிட்டார். வளரும் பருவத்து உணவு உடலில் நிலையாகப் பதிந்துவிடும் என்ற கருத்துக்குக் கிடைத்த தொடக்கச் சான்றுகளுள் அது ஒன்று.

மெலன்பி கண்டது சரி. அதற்கு இட்ட பெயர் சரியன்று. நோயைத் தடுப்பது வைட்டமின் ஏ, அல்லது அதனை ஒத்த பொருள் என்று அவர் கருதினார். 1922இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் எல்மர் மெக்கலம், ஈரல் எண்ணெயைச் சூடாக்கிக் காற்றுச் செலுத்தினார். எலிகளின் கண்நோயைப் போக்கும் ஆற்றல் அதில் அழிந்தது. ரிக்கெட்ஸைப் போக்கும் ஆற்றல் அழியவில்லை. ஆகவே அவை இரண்டு வேறு பொருள்கள். புதியது வைட்டமின் டி எனப் பெயர் பெற்றது.

இதற்கிடையே பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி 1919இல் பாதரச ஆவி விளக்கின் புறஊதா ஒளியைப் பாய்ச்சியே குழந்தைகளைக் குணப்படுத்தியிருந்தார். போருக்குப் பின் பட்டினியில் தவித்த வியன்னாவின் குழந்தைகள் மருத்துவமனையில் ஹாரியட் சிக் குழுவினர், ஈரல் எண்ணெயும் சூரிய ஒளியும் ஒரே பலனைத் தருவதை நிறுவினர். மனிதத் தோல் ஒளியின் துணையால் தானே அந்தச் சத்தை ஆக்கிக்கொள்கிறது.

அப்படியானால் மெலன்பியின் குட்டிகளிடம் உணவின் பங்கு அத்தனை தெளிவாகத் தெரிந்தது ஏன்? விடை மிகப் பிந்தி வந்தது. 1994இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள், நாயும் பூனையும் தம் தோலில் வைட்டமின் டியைப் போதுமான அளவு உருவாக்க இயலாதவை என்று காட்டினர். அதற்கான மூலப்பொருள் அவற்றின் தோலில் மிகக் குறைவு. ஆக, நாய்க்குட்டிக்கு வெயில் உதவாது. உணவு ஒன்றே வழி. மெலன்பி தேர்ந்த விலங்கு உணவின் பங்கைத் துலக்கிக் காட்டியது. அதே காரணத்தால் ஒளியின் பங்கை மறைத்தும்விட்டது. கிளாஸ்கோ தரப்போ, அடைபட்ட குழந்தைகளைப் பொறுத்தவரை ஓரளவு உண்மையின் அருகில் இருந்தும், அதற்கு நாய்க்குட்டிகளைச் சான்றாக்கியதால் தோற்றது. எந்த விலங்கிடம் கேட்கிறோம் என்பதும் விடையின் ஒரு பகுதி என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

குட்டிகள் சொன்ன மற்றொரு செய்தி தானியத்தைப் பற்றியது. ஓட்ஸ் மிகுந்த உணவில் நோய் கடுமையாவதை மெலன்பி கண்டிருந்தார். 1939இல் அவரும் டக்ளஸ் ஹாரிசனும், தானியத்தின் ஃபைடிக் அமிலமே சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துக்கொள்கிறது என்று விளக்கினர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய ரொட்டி மாவில் கால்சியம் சேர்க்கப்பட்டதன் பின்னணியில் இந்த அறிவும் இருந்தது. நாய்க்குட்டியின் கிண்ணத்தில் தொடங்கிய கேள்வி ஒரு நாட்டின் ரொட்டியை மாற்றியது.

விலை கொடுத்தவை குட்டிகளே. கால் வளைந்து, நடக்க இயலாமல், இறுதியில் எலும்புச் சோதனைக்காகக் கொல்லப்பட்டவை அவை. மெலன்பியின் கட்டுரை வந்த அதே 1919இல், நாய்களை ஆய்வுக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் மசோதா பிரித்தானிய நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டுத் தோல்வியுற்றது. அது நிறைவேறியிருந்தால் இந்த வரலாறு வேறு பாதையில் சென்றிருக்கும். ஆய்வினால் குழந்தைகள் பிழைத்தார்கள் என்பதும், அதற்கு ஒப்புதல் தர இயலாத உயிர்கள் துன்புற்றன என்பதும் ஒருசேர உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க இயலாது.

அந்த அறிவு நாய்களுக்குத் திரும்பிய விதமும் நேரானதன்று. சுண்ணாம்புச் சத்தின் குறை தீமை என்றால் மிகுதி நன்மை என்ற எண்ணம் வளர்ந்தது. 1974இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், வேண்டிய மட்டும் உண்ணவிடப்பட்ட கிரேட் டேன் குட்டிகளுக்கு, அளவோடு உண்டவற்றைவிட எலும்புக் கோளாறுகள் மிகுதியாக வந்தன. 1985இல் உட்ரெக்டின் ஹேஸ்விங்கல் குழுவினர், கால்சியம் மிகுந்தாலே பேரினக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சி குலைவதைக் காட்டினர். மிக இளம் குட்டியின் குடல், மிகையான கால்சியத்தை வேண்டாமென்று தள்ளும் திறனை இன்னும் பெற்றிருப்பதில்லை. வெறும் இறைச்சியோ, பாலூற்றிய சோறோ மட்டும் போதாது. மேலே கால்சியத் தூளை அள்ளித் தூவுவதும் தீர்வன்று. கால்சியமும் பாஸ்பரசும் தக்க விகிதத்தில் அமைந்து, வைட்டமின் டி உணவிலேயே கிடைத்து, வளர்ச்சி நிதானமாக நடப்பதே நலம்.

இவ்வரலாற்றுக்கு ஓர் இந்தியக் கிளையும் உண்டு. பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் செயலராக 1933 முதல் 1949 வரை இருந்த மெலன்பி, ஓய்வுக்குப் பின் லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநராக 1950-51இல் பணியாற்றினார். சத்தர் மன்சில் அரண்மனையில் தொடங்கிய அந்நிறுவனத்தின் வரலாற்றில் அவர் பெயர் இடம்பெறுகிறது, நாய்க்குட்டிகள் இடம்பெறுவதில்லை. அறிவியல் வரலாறு கண்டுபிடித்தவரின் பெயரை மட்டும் காத்துவைத்தால், கண்டுபிடிப்பு எங்ஙனம் சாத்தியமாயிற்று, எங்கே தவறிற்று என்ற இரண்டையும் இழந்துவிடுகிறது. மெலன்பியின் சரியும் பிழையும் அந்தக் குட்டிகளின் உடலிலேயே இருந்தன.