திணையும் தூரிகையும்

நிலக்காட்சி ஓவியம் மேனாட்டார் நமக்குத் தந்த கலை என்பர். சட்டமிட்டுச் சுவரில் மாட்டும் வழக்கத்தைப் பொறுத்தவரை அது உண்மையே. ஆயின், நிலத்தைக் கண்டவுடன் ஓர் உணர்வை எண்ணும் பயிற்சி நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. குறிஞ்சிக்கு மலை மட்டும் போதாது. கூதிரும் யாமமும் வேண்டும்.

பெங்களூர்க் கஸ்தூர்பா சாலையில், அரசு அருங்காட்சியகத்தை ஒட்டி, கே. வெங்கடப்பாவின் (1886–1965) பெயரால் ஓர் ஓவியக்கூடம் உண்டு. மைசூர் ஓவியர் மரபில் பிறந்த அவர், கல்கத்தா சென்று அவனீந்திரநாத தாகூரிடம் பயின்றார். அவனீந்திரரோ, 1903-இல் ஜப்பானிலிருந்து வந்த யோகோயாமா தைக்கான், ஹிஷிதா ஷுன்சோ ஆகியோரின் தொடர்பால், வண்ணத்தை நீரில் மீண்டும் மீண்டும் நனைத்துக் கோட்டின் கூர்மையைக் கரைக்கும் முறையைக் கைக்கொண்டவர். வெங்கடப்பா இயல்பில் நுணுக்கம் விரும்பி, வீணையும் வாசித்தவர். அத்தகையவர் நம் நீலகிரியை நீர்வண்ணத்தில் தீட்டும்போது, பனி வந்த இடத்தில் மலையை விட்டுக்கொடுத்துவிடுகிறார். பனி மூட மூடக் கருப்பொருள்கள் ஒவ்வொன்றாய் நீங்குகின்றன. நிலமும் பொழுதும் எஞ்சுகின்றன. அருவ ஓவியத்தின் வாயில் இதுவே எனலாம்.

உரிப்பொருள் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அகப்பாட்டில் மலை தனக்காக நிற்பதில்லை, தலைவிக்காக நிற்கிறது. ஓவியத்திலோ அவளுடைய இடம் வெறுமையாக விடப்பட்டுள்ளது. காண்பவரே அங்கு போய் நிற்க வேண்டும்.

கோயம்புத்தூரில் பிறந்து, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977) இன்னும் தொலைவு சென்றார். தென்னையும் நீர்நிலையும் தீட்டத் தொடங்கிய அவர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையில் எழுத்தையும் கட்டங்களையும் நிரப்பினார். அவற்றின் முன் நம் அறிவு மகிழ்கிறது, உள்ளம் நனைவதில்லை.

முற்றும் அருவமான ஓவியத்துக்குத் தமிழில் இலக்கணம் தேடின் அது பாலையே. பாலைக்கெனத் தனிநிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அதன் உரிப்பொருள் பிரிவு. காவிரிக் கரையை விட்டு இம்மேட்டு நிலத்துக்கு வந்த நம் முதியோருள் சிலருக்கு வரப்பும் வாய்க்காலும் மறந்துவிட்டன. அந்தப் பச்சை மட்டும் மறக்கவில்லை. வெங்கடப்பாவின் பனிக்கு முன்னே அவர்களை ஒருநாள் அழைத்துச் சென்று நிறுத்த வேண்டும்.