இரவு ஒன்பது மணிக்குப் பூட்டும் விமான நிலையம்

ஜப்பானில் ஒசாகா நகரத்துக்குப் பக்கத்தில் இட்டாமி என்று ஒரு விமான நிலையம் இருக்கிறது. டோக்கியோவுக்கு அடுத்த பெரிய நகர்ப்பகுதிக்கு நடுவில், வீடுகளுக்கு மத்தியில் அமைந்த நிலையம். ஆனால் இரவு 9 மணிக்கு மேல் அங்கே விமானப் போக்குவரத்து கிடையாது. மறுநாள் காலை 7 மணிக்குத்தான் திரும்பவும் தொடங்கும். தாமதமாகி 9 மணியைத் தாண்டும் விமானத்தைப் பெரும்பாலும் கடலுக்குள் கட்டப்பட்ட கன்சாய் விமான நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பயணிகள் அங்கே இறங்கி, நள்ளிரவு வரை அலைந்து வீடு போய்ச் சேர வேண்டியதுதான்.

இந்த 9 மணிக் கட்டுப்பாட்டைக் கேட்டு வழக்குப் போட்டவர்கள் சுற்றுவட்டார மக்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே அவர்கள் இந்தக் கோரிக்கையில் தோற்றுப் போனார்கள்! ஆனாலும் கட்டுப்பாடு இன்று வரை நிற்கிறது. தோற்றவர்கள் கேட்டது எப்படி நிலைத்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஜெட் வந்த வருடம்

இட்டாமி நிலையம் 1939-ல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படையின் கையில் இருந்து, 1958-ல் ஜப்பானுக்குத் திரும்ப வந்தது. அடுத்த ஆண்டே ஒசாகா சர்வதேச விமான நிலையம் என்று பெயர் பெற்றது.

அது வரைக்கும் வந்து போனது விசிறி விமானங்கள். சத்தம் இருந்தது, ஆனால் தாங்கிக்கொண்டார்கள். 1964-ல் ஜெட் விமானங்கள் வர ஆரம்பித்ததும் எல்லாம் மாறியது. அந்தக் கால ஜெட் இன்ஜின் இன்றைய இன்ஜின் மாதிரி கிடையாது. இன்றைய இன்ஜினில் முன்னால் உள்ள பெரிய விசிறி தள்ளும் காற்றில் பெரும்பகுதி, எரியும் பகுதிக்குள் போகாமல் வெளியே சுற்றிக்கொண்டு மெதுவாகப் பின்னால் போகிறது. பழைய இன்ஜினில் சூடான வாயு ஒரே மெல்லிய பீய்ச்சலாக அதிவேகத்தில் வெளியே வரும். அந்த வேகம்தான் காதைக் கிழிக்கும் சத்தம்.

அதே 1964-ல் சுற்றியுள்ள 8 நகரங்களின் நிர்வாகங்கள் சேர்ந்து சத்தப் பிரச்சினைக்காக ஒரு கூட்டுக் குழு அமைத்தன. 1965-ல் இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை ஜெட் விமானங்களுக்குத் தடை வந்தது. 1967-ல் விமானச் சத்தத்தின் பாதிப்பைத் தடுப்பதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. பள்ளிக்கூடங்கள், மருத்துவமனைகளுக்குச் சத்தம் புகாத சுவரும் ஜன்னலும் போட அதில் வழி இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வரும் பிள்ளை என்ன செய்யும்?

இதற்கிடையில் 1970-ல் ஒசாகாவில் உலகப் பொருட்காட்சி நடக்கப் போகிறது என்று நாடே பரபரப்பாக இருந்தது. ஆறு மாதத்தில் 6 கோடிக்கும் மேற்பட்ட பார்வையாளர்கள் வந்த பொருட்காட்சி அது. அதற்குத் தயாராக 3,000 மீட்டர் நீளத்தில் புது ஓடுபாதை கட்டினார்கள். 1970 பிப்ரவரியில் அது திறக்கப்பட்டது. நாட்டுக்கு அது பெருமை. ஓடுபாதையின் வடமேற்கு முனைக்கு அப்பால் இருந்த கவானிஷி நகரத்து மக்களுக்கோ, தலைக்கு மேலே இன்னும் பெரிய விமானங்கள்.

மக்கள் கேட்டது

புது ஓடுபாதை திறப்பதற்கு முன்பே, 1969 டிசம்பரில், கவானிஷி மக்கள் சிலர் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். நிலையத்தை நடத்தியது மத்திய அரசு என்பதால் எதிராளி அரசுதான். பிறகு மறுபக்கத்தில், விமானங்கள் தாழப் பறந்து இறங்கும் டொயோனாகா நகரத்து மக்களும் சேர்ந்துகொண்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் வழக்காடினார்கள்.

அவர்கள் கேட்டது மூன்று. ஒன்று, இரவு 9 மணி முதல் காலை 7 மணி வரை விமானம் வேண்டாம். இரண்டு, இது வரை பட்ட துன்பத்துக்கு நஷ்ட ஈடு. மூன்று, சத்தம் குறையும் வரை இனிமேல் படப்போகும் துன்பத்துக்கும் நஷ்ட ஈடு.

வீட்டில் பேச முடியவில்லை, தொலைபேசி கேட்கவில்லை, பிள்ளைகள் படிக்க முடியவில்லை, குழந்தைகள் தூக்கத்தில் அலறி எழுகிறார்கள், காதில் இரைச்சல் நிற்கவில்லை என்று சாட்சி சொன்னார்கள். நீதிபதிகள் காகிதத்தில் படித்ததோடு நிற்காமல் நேரில் வந்தும் பார்த்தார்கள். விமானச் சத்தத்தைப் பற்றி எத்தனை பக்கம் எழுதினாலும், ஒரு விமானம் தலைக்கு மேலே போகும் அரை நிமிடத்துக்கு ஈடாகாது அல்லவா!

அரசு சொன்ன பதில் இன்று உலகம் முழுக்கக் கேட்கும் அதே பதில். பொது நன்மைக்காக இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இங்கே நிலையம் இருப்பது தெரிந்தே குடிவந்தவர்களும் உண்டு.

மூன்று தீர்ப்புகள்

1974 பிப்ரவரியில் ஒசாகா மாவட்ட நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 7 மணி வரை தடை விதித்தது. வெற்றி மாதிரி தெரிந்தாலும் மக்கள் திருப்தி அடையவில்லை. குழந்தைகள் தூங்கப் போகும் 9 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் உள்ள ஒரு மணி நேரம் விட்டுப்போயிற்று. அந்த ஒரு மணி நேரத்துக்காக மேல்முறையீடு செய்தார்கள்.

1975 நவம்பரில் ஒசாகா உயர் நீதிமன்றம் மூன்று கோரிக்கைகளையும் ஏற்றது. 9 மணித் தடை, பழைய பாதிப்புக்கு நஷ்ட ஈடு, இனி வரும் பாதிப்புக்கும் நஷ்ட ஈடு. மனிதன் அமைதியாக வாழ்வது அவனுடைய ஆளுமையோடு பிறந்த உரிமை, அதைக் கெடுப்பதை நிறுத்தச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டு என்பதுதான் தீர்ப்பின் அடிப்படை. அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆனால் தீர்ப்பு வந்த கையோடு, விமான அட்டவணையில் 9 மணிக்குப் பிறகு இருந்த விமானங்கள் நீக்கப்பட்டன.

உச்ச நீதிமன்றத்தில் முதலில் ஒரு சிறிய அமர்வுதான் வழக்கை விசாரித்தது. 1978-ல் விசாரணை முடிந்து தீர்ப்புக்குக் காத்திருந்த நேரத்தில், வழக்கு எல்லா நீதிபதிகளும் உட்காரும் பேரமர்வுக்கு மாற்றப்பட்டது. ஏன் என்று வெளியே தெரியவில்லை. அந்தச் சிறிய அமர்வில் இருந்த நீதிபதி ஷிகெமிட்சு டண்டோ எழுதி வைத்த குறிப்பேடு, அவர் இறந்து பல வருடம் கழித்து 2023-ல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்த அமர்வு மக்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லவிருந்தது என்றும், அப்போது அரசுத் தரப்பு வழக்கைப் பேரமர்வுக்கு மாற்றக் கேட்டது என்றும், முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரும் அதையே தொலைபேசியில் வலியுறுத்தினார் என்றும் அதில் எழுதியிருந்தார். இந்தத் தலையீடு தவறு என்ற தன் கண்டனத்தையும் குறித்து வைத்திருந்தார்.

1981 டிசம்பர் 16-ல் பேரமர்வு தீர்ப்புச் சொன்னது. பழைய பாதிப்புக்கு நஷ்ட ஈடு உண்டு. இனி வரப்போவதற்குக் கிடையாது, அதை முன்கூட்டியே கணக்கிட முடியாது. இரவு நேரத் தடை? அதுவும் கிடையாது. விமானப் போக்குவரத்து அரசின் நிர்வாக அதிகாரத்தோடு பின்னிப் பிணைந்தது, அதைச் சாதாரண உரிமையியல் வழக்கில் நிறுத்தச் சொல்ல முடியாது என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். டண்டோ மாற்றுத் தீர்ப்பு எழுதினார்.

எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே தீர்ப்பில் இன்னொரு கருத்தும் இருந்தது. பலருக்குக் கிடைக்கும் விமான வசதி ஒரு சிலருடைய தனிப்பட்ட தியாகத்தின் மேல் நிற்கிறது, அந்த அநியாயத்தைக் கண்டுகொள்ளாமல் விட முடியாது என்றது நீதிமன்றம்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பழக்கமான விஷயம். ஒரு விமான கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கை எடுத்துப் பாருங்கள். எரிபொருள் இருக்கும், சம்பளம் இருக்கும், தரையிறங்கும் கட்டணம் இருக்கும், தேய்மானம் இருக்கும். கவானிஷியில் ஒரு குழந்தை இழந்த தூக்கம் எந்த வரியிலும் இருக்காது. செலவு நடந்திருக்கிறது, ஆனால் கணக்கில் ஏறவில்லை. பொருளாதாரத்தில் இதைத்தான் எக்ஸ்டர்னாலிட்டி என்கிறார்கள். லாபம் ஓரிடத்தில், செலவு வேறிடத்தில்.

மக்கள் போராடியதால் இந்தச் செலவில் ஒரு பகுதி கணக்கில் ஏறியது. 1974-ல் சட்டம் திருத்தப்பட்டு, வீடுகளுக்கும் சத்தத் தடுப்பு வேலை செய்து தரும் ஏற்பாடு வந்தது. 1975-ல் ஜெட் விமானங்களுக்கென்று தனியாக ஒரு சிறப்புத் தரையிறங்கு கட்டணம் வந்தது. அதன் சுமை பயணச்சீட்டு வழியாகப் பயணிகளிடம் போய்ச் சேர்ந்தது. பறப்பவர்தான் சத்தத்துக்கும் காசு கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இது.

ஆனால் காசால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மூடி இருந்தால்தான் வேலை செய்யும், கோடையில் காற்றுக்குத் திறந்தால் சத்தம் உள்ளே வந்துவிடும். இழப்பீடு வாங்கிக்கொண்டு சிலர் வேறு ஊருக்குப் போனார்கள். அவர்களுக்கு நிம்மதி. ஆனால் தெருவில் நடுநடுவே வீடுகள் இடிக்கப்பட்டு வெற்று மனையானது. மீதி இருந்தவர்களுக்கு அண்டை வீடும் இல்லை, பக்கத்துக் கடைக்கு வாடிக்கையாளரும் இல்லை.

அதனால்தான் மக்கள் முதலில் கேட்டது பணம் இல்லை, நேரம். நஷ்ட ஈட்டுத் தொகையை எவ்வளவு கூட்டினாலும் அது நேற்று இரவின் தூக்கத்தைத் திருப்பித் தராது.

தோற்ற பிறகு

சட்டப்படி பார்த்தால் 1981 தீர்ப்புக்கு மறுநாளே அரசு இரவு விமானங்களைத் திரும்பவும் விட்டிருக்கலாம். விடவில்லை. காரணம், நீதிமன்றத்துக்கு வெளியே கட்டியிருந்த பலம்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1973-ல் இட்டாமி நகரம் விமான நிலையத்தை அகற்றக் கோரும் நகரம் என்று தன்னை அறிவித்துக்கொண்டது. அதே காலத்தில் ஏறத்தாழ 20,000 பேர் மாசுத் தகராறுகளுக்கான அரசு சமரசக் குழுவிடம் நிலையத்தை அகற்றச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். வழக்கில் சில நூறு பேர்தான், ஆனால் சமரச மேசையில் ஒரு நகரமே உட்கார்ந்திருந்தது. தொடர்ந்து வந்த வழக்குகள் 1984-ல் சமரசத்தில் முடிந்தன. 9 மணி அப்படியே நின்றது.

இதற்கிடையில் 1974-லேயே அரசின் ஆலோசனைக் குழு, புது நிலையத்தைக் கடலில் கட்டலாம், இட்டாமியை மூடிவிடலாம் என்று பரிந்துரைத்திருந்தது. கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளி செயற்கைத் தீவு கட்டி, 1994 செப்டம்பர் 4-ல் கன்சாய் விமான நிலையம் திறந்தார்கள். வீடுகள் இல்லாததால் அது 24 மணி நேரமும் இயங்கும். சர்வதேச விமானங்கள் அங்கே போயின.

ஆனால் இட்டாமி மூடப்படவில்லை. வருடங்கள் போகப் போக விமானங்கள் அமைதியாகிவிட்டன. நிலையத்தை நம்பி வேலையும் வியாபாரமும் வளர்ந்திருந்தது. 1990 டிசம்பரில் போக்குவரத்து அமைச்சகம், சுற்றியுள்ள நகரங்கள், சமரச மனுக் கொடுத்த மக்கள் மூவரும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நிலையம் இருக்கலாம், ஆனால் காலை 7 மணி முதல் இரவு 9 மணி வரைதான். விமான எண்ணிக்கைக்கும் நாளொன்றுக்கு 370 என்ற உச்சவரம்பு உண்டு. நீதிமன்றம் தர மறுத்ததை, மூடச் சொன்ன மக்களே மூட வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக எழுதி வாங்கினார்கள்.

இட்டாமி நகரம் 2007-ல் பழைய அறிவிப்பை மாற்றி, விமான நிலையத்தோடு சேர்ந்து வாழும் நகரம் என்று அறிவித்தது. ஓடுபாதையை ஒட்டி ஸ்கை பார்க் என்ற நீளமான பூங்காவும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் விமானத்துக்குப் பயந்து காதைப் பொத்திக்கொண்ட ஊரில், இப்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானம் பார்க்க வருகிறார்கள்.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. நீதிமன்றத்தில் நிலைத்த தீர்ப்பு என்றால் அடுத்த ஊரும் அதைக் காட்டிக் கேட்கலாம். ஒப்பந்தம் என்பது அதைச் செய்துகொண்டவர்களை மட்டும்தான் காக்கும். 1981 தீர்ப்புக்குப் பிறகு ஜப்பானில் வேறு நிலையங்களுக்கு அருகில் வாழ்ந்தவர்கள் இதே வழக்கைப் போட்டபோது அந்தத் தீர்ப்பே குறுக்கே நின்றது. இட்டாமி மக்கள் தங்கள் இரவைக் காப்பாற்றிக்கொண்டார்கள், ஆனால் அதை அடுத்த ஊருக்குக் கொடுக்க முடியவில்லை. டண்டோவின் குறிப்பேட்டில் உள்ளபடி 1978-லேயே தீர்ப்பு வந்திருந்தால், அந்த ஊர்களுக்கும் 9 மணி கிடைத்திருக்குமோ என்னவோ.