நிலமும் நினைவும்: மெய்நிகர் உலக வரலாற்றில் ஒரு கிருஷ்ணகிரித் திருமணம்

முன்னுரை

2022 பிப்ரவரி 6ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரம் என்னும் சிற்றூரில் ஒரு திருமணம் நடைபெற்றது. பெருந்தொற்றுக் கால விதிகளின்படி அப்போது தமிழகத்தில் திருமணத்திற்கு 100 பேருக்கு மேல் கூடுதல் இயலாது. எனவே வரவேற்பு நிகழ்ச்சி இணையவழி மெய்நிகர் உலகில் நடத்தப்பட்டது. ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் கோட்டையைப் போல அரங்கம் அமைந்தது. உற்றாரும் நண்பரும் தத்தம் இடத்திலிருந்தே உருவம் தாங்கி அதனுள் புகுந்தனர். மணமகளின் மறைந்த தந்தையும் உருவம் பெற்று அவ்வரங்கில் தோன்றினார். அவ்வுருவம் யாருக்கு உரியது என்னும் வினாவை மெய்நிகர் உலகங்களின் வரலாற்றோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

வணிகம்

மெய்நிகர் உலகங்களைக் குறித்த தொடக்கக்கால ஆய்வுகள் அவற்றைச் சந்தையாகவே நோக்கின. எவர்குவெஸ்ட் என்னும் விளையாட்டின் நார்ரத் உலகை ஆராய்ந்த பொருளியல் அறிஞர் எட்வர்டு காஸ்ட்ரோனோவா, ஆடுவோர் தம் பொருள்களை இணைய ஏலத்தில் டாலருக்கு விற்ற விலைகளைக் கொண்டு கணக்கிட்டார். அவ்வுலகில் ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பு 3.42 டாலர் என்றும், அதன் தனிநபர் வருமானம் ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டது என்றும் 2001இல் அவர் எழுதினார். 2003இல் லிண்டன் லேப் நிறுவனம் தொடங்கிய செகண்டு லைஃப் உலகில் நிலமே முதன்மையான விற்பனைப் பொருளாயிற்று. அங்கு நிலம் வாங்கி, திருத்தி விற்ற ஆன்ஷி சுங் என்னும் பெயருடையார், தம் சொத்து பத்து இலட்சம் டாலரைக் கடந்ததாக 2006இல் அறிவித்தார்.

உரிமை

விற்பனை பெருகிய அளவுக்கு உரிமை தெளிவுறவில்லை. செகண்டு லைஃபில் நிலம் வாங்கிய பென்சில்வேனிய வழக்கறிஞர் ஒருவரின் கணக்கை நிறுவனம் முடக்கியபோது, அந்நிலமும் அவர் கையைவிட்டுப் போயிற்று. அவர் தொடுத்த வழக்கு 2007இல் சமரசத்தில் முடிந்தமையால் உரிமை பற்றிய தீர்ப்பு எழவில்லை. 2008 ஆகஸ்டு முதல் நாளில் ஈஏ லேண்டு என்னும் உலகம் மூடப்பட்டபோது அங்கிருந்த வீடுகளும் மறைந்தன. இந்தியாவில் மெய்நிகர் எண்மச் சொத்தின் வருவாய்க்கு 30 விழுக்காடு வரி என்னும் அறிவிப்பு, சிவலிங்கபுரம் திருமணத்திற்கு ஐந்து நாள் முன்னர், 2022 பிப்ரவரி 1இல் வெளியாயிற்று. விற்கப்படும் எண்மச் சொத்தை அரசு கண்டுகொண்டது. விற்பனைக்கு அல்லாத ஒரு தந்தையின் உருவம் அக்கணக்கினுள் அடங்காது.

நடுகல்

இறந்தாரை உருவமாக நிறுத்தும் மரபு இந்நிலப்பகுதிக்குப் புதிதன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் பகுதிகள் நடுகற்கள் மிகுந்தவை. தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி முதல் வாழ்த்தல் ஈறாக அதற்கு ஆறு நிலைகள் வகுக்கிறது. நடுகல் போரில் பட்ட மறவனுக்கு உரியது. மணமகளின் தந்தைக்கு எழுந்த உருவமோ இல்லத்து அன்பின்பாற்பட்டது. இவ்வேறுபாட்டை மறத்தற்கில்லை. எனினும் ஓர் ஒப்புமை நோக்கத்தக்கது. பட்ட வீரனின் குடிக்கு உதிரப்பட்டி என நிலம் வழங்கிய வழக்கத்தைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கல்லில் அவன் பெயரும் ஊரும் பொறிக்கப்பட்டன. அக்கல்லைக் காப்பது ஊரின் கடமையாயிற்று. நினைவும் நிலமும் உரியாரிடமே நின்றன.

முடிவுரை

மெய்நிகர் உலகம் வணிகக் களமாகத் தொடங்கிச் சடங்குக் களமாகவும் வளர்ந்துள்ளது என்பதைச் சிவலிங்கபுரம் நிகழ்வு காட்டுகிறது. மூடப்பட்ட உலகில் இழந்த நிலத்திற்கு விலை கூறலாம். தந்தையின் உருவம் அழியின் அவ்வாறு கூறுதல் இயலாது. நடுகல்லைக் காக்க ஊர் இருந்தது. நிறுவனத்தின் கணினியில் நிற்கும் உருவத்தைக் காக்கும் கடமை யாருக்கு என்பது இனி ஒப்பந்தங்களிலும் சட்டத்திலும் இடம்பெற வேண்டிய வினாவாகும்.