நந்தனுக்கு நெருப்பு, கிந்தனுக்கு ரயில்

கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனைச் 'சிரிப்பு நடிகர்' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவர் எழுத்தாளர், தயாரிப்பாளர், இயக்குநரும்கூட. சாதி ஒழிப்பு பேசும் நமக்கு அந்தப் பக்கம்தான் முக்கியம்.

1908இல் நாகர்கோவில் ஒழுகினசேரியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். 1930களில் சினிமாவுக்கு வந்தபின் தன் நகைச்சுவைப் பகுதிகளைத் தானே எழுதினார். டி.ஏ.மதுரத்தையும் தன் குழுவினரையும் வைத்து அவற்றைத் தனியாகப் படமாக்கியும் கொடுத்தார். யாரைப் பார்த்து ஊர் சிரிக்க வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் இப்படித்தான் ஒரு நகைச்சுவை நடிகரின் கைக்கு வந்தது.

1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரோடு கைதானார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1947இல் விடுதலையானார். 1949இல் அவர் தயாரித்த 'நல்லதம்பி' வெளிவந்தது. கதை வசனம் அண்ணா, இயக்கம் கிருஷ்ணன்-பஞ்சு. அந்தப் படத்தில்தான் 'கிந்தனார்' காலட்சேபம் வருகிறது.

அதன் கூர்மை புரிய நந்தனார் கதையை நினைவில் கொள்ள வேண்டும். பெரியபுராணம் சொன்னதை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனையாக்கினார். 1935இல் கே.பி.சுந்தராம்பாள் நடித்தும், 1942இல் ஜெமினி தயாரிப்பிலும் அது சினிமாவானது. எல்லாவற்றிலும் நந்தன் சிதம்பரம் போக ஏங்குகிறார்; நெருப்பில் இறங்கித் 'தூய்மை' பெற்ற பிறகே கோயிலுக்குள் இடம். தீட்டு என்ற ஏற்பாட்டின் மீது குற்றமில்லை, நந்தனின் உடல் மீதுதான் குற்றம் என்கிறது கதை.

கலைவாணர் அதே காலட்சேப வடிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளடக்கத்தைத் தலைகீழாக்கினார். கிந்தனும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைதான். அவன் ஏங்குவது சாமிக்காக அல்ல, படிப்புக்காக. ரயிலேறிப் பட்டணம் போகிறான். படித்துக் கல்வி அதிகாரியாகத் திரும்பி வருகிறான். அவன் எரிய வேண்டிய அவசியமே இல்லை.

இதைப் பாராட்டுவதோடு நாம் நின்றுவிடக் கூடாது. கிந்தன் தனியாகப் போனான், தனியாக வென்றான். ஜெமினியின் 'நந்தனார்' வந்த அதே 1942இல், நாக்பூர் மாநாட்டில் அம்பேத்கர் நம்மிடம் மூன்றைக் கேட்டார்: கற்பது, ஒன்றுசேர்வது, போராடுவது. கிந்தனின் கதையில் முதலாவது மட்டுமே இருக்கிறது. அவனோடு படிக்க முடியாமல் சேரியில் தங்கியவர்களைப் பற்றி அது பேசவில்லை.

ஆனாலும் சேரிப் பேச்சையும் கறுப்பு நிறத்தையும் கேலி செய்து கைதட்டல் வாங்கிய பிற்கால நகைச்சுவைக் காட்சிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1949இல் ஒரு தயாரிப்பாளர் நம் பிள்ளை ஒருவனை அதிகாரியாகத் திரையில் நிறுத்தினார். சிரிப்பு நம்மை நோக்கி இல்லாமல், நம்மை விலக்கிவைத்தவர்களை நோக்கித் திரும்பியது. இன்று குறும்படம் எடுக்கும், காணொளிக்கு எழுதும் தோழர்கள் 'கிந்தனார்' பகுதியை ஒருமுறை பார்க்க வேண்டும். அவர் விட்ட இடத்திலிருந்து மற்ற இரண்டையும் எழுத வேண்டியவர்கள் நாம்தான்.