குத்தகைச் சீட்டில் ஒரு வரி



ஷேக்ஸ்பியரின் நாடகங்களைப் பயிலும் உங்களுக்குக் 'குளோப்' என்னும் நாடகசாலையின் பெயர் புதியதன்று. ஆனால், அது எழுவதற்குப் பழைய குத்தகைச் சீட்டு ஒன்று துணைபுரிந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அவ்வரலாற்றை இன்று காண்போம்.

ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் தச்சுத் தொழில் பயின்று, பின்னர் நடிகரானவர். அந்நாளில் லண்டன் நடிகர்கள் சத்திரங்களின் முற்றங்களில் ஆடி வந்தனர். நாடகத்துக்கென்றே நிலையான கட்டடம் ஒன்றை எழுப்பினால் தொழில் வேரூன்றும் என்று பர்பேஜ் எண்ணினார். கையில் பொருள் குறைவு. மளிகை வணிகரான அவர் மைத்துனர் ஜான் பிரெயின் பங்காளியாகச் சேர்ந்தார். நகராட்சியினர் நாடகங்களை வெறுத்தமையால், நகர மதிலுக்கு வெளியே ஷோர்டிச் பகுதியில் கைல்ஸ் ஆலன் என்பவரின் இடத்தை 1576-ஆம் ஆண்டில் குத்தகைக்குப் பேசினர். காலம் 21 ஆண்டு. வாடகை ஆண்டுக்கு 14 பவுன்.

இதில் ஓர் இடர் இருந்தது. நிலத்தில் ஊன்றிய கட்டடம் நிலத்துக்கு உடையவனையே சேரும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் பொதுவிதி. அவ்விதிப்படி, குத்தகை முடியும் நாளில் பர்பேஜ் வெறுங்கையுடன் வெளியேற நேரிடும். ஆகவே, சீட்டில் இரண்டு உறுதிகள் எழுதப்பெற்றன. பத்து ஆண்டுக்குள் அங்கிருந்த பழைய கட்டடங்களைச் செப்பனிட 200 பவுன் செலவிட்டால் குத்தகையை நீட்டித்துத் தருவது ஒன்று. நாடகசாலையைப் பிரித்து எடுத்துச் செல்லும் உரிமை மற்றொன்று.

'தியேட்டர்' என்னும் பெயரால் அந்நாடகசாலை எழுந்தது, மக்களும் திரண்டனர். ஆனால், 1585-ஆம் ஆண்டில் பர்பேஜ் புதிய சீட்டை எழுதிக் கொண்டு சென்றபோது ஆலன் கையொப்பமிட மறுத்துவிட்டார். பின்னாளில் வாடகையை 24 பவுனாக உயர்த்தவும், நாடகம் ஐந்து ஆண்டுகளே நடைபெறவும் அவர் நிபந்தனை கூறினார். பேச்சு நீண்டதேயன்றி முடிவு எட்டப்படவில்லை. 1597 பிப்ரவரியில் பர்பேஜ் மறைந்தார். ஏப்ரலில் குத்தகையும் முடிந்தது.

முதல் உறுதி ஏன் பயன்படவில்லை? அது நிறைவேற ஆலனுடைய கை அசைய வேண்டும். இரண்டாம் உறுதிக்கோ பிறர் கை வேண்டுவதில்லை. தம் கையில் உளியும் சுத்தியலும் இருந்தால் போதும்! 1598-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள், ஆலன் ஊரில் இல்லாத வேளையில், பர்பேஜின் மைந்தர் கத்பெர்ட்டும் ரிச்சர்டும் பீட்டர் ஸ்ட்ரீட் என்னும் தச்சரோடும் ஆட்களோடும் சென்று நாடகசாலையைப் பிரிக்கத் தொடங்கினர். அம்மரங்கள் பின்னர் தேம்சு ஆற்றின் தென்கரையை அடைந்தன. 1599-இல் அவற்றைக் கொண்டே குளோப் எழுந்தது.

ஆலன் 800 பவுன் இழப்பீடு கோரி வழக்குத் தொடுத்தார். குத்தகை முடிந்தபோதே அவ்வுரிமையும் முடிந்தது என்றும், செலவிட வேண்டிய தொகை முறையாகச் செலவிடப்படவில்லை என்றும் வாதிட்டார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தும் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. உரிமைக்கு உரிய காலத்தையும் ஐயமற எழுதியிருந்தால், அவ்வழக்குக்கே இடமிருந்திராது.

புதிய மனைக்குப் பர்பேஜ் சகோதரர் 31 ஆண்டுக் குத்தகை பெற்றனர். அதில் ஒரு பாதி அவர்களுக்கு; மறுபாதி ஐந்து நடிகர்களுக்கு. அவ்வைவருள் ஒருவர் ஷேக்ஸ்பியர். கவிஞரும் குத்தகைதாரராயினார்!

தியேட்டரின் அடித்தளம் 2008-ஆம் ஆண்டில் அகழ்வாய்வில் வெளிப்பட்டது. மண்ணில் எஞ்சியது அடித்தளமே. மேலிருந்த மரங்களைக் காத்தது சீட்டில் இருந்த ஒரு வரி. நாளை நீங்கள் சிறு கடையோ அச்சகமோ தொடங்க இடம் பேசும்போது, வாடகையை மட்டும் பேசி அமையாதீர்கள். வெளியேறும் நாளில் எது உங்களுடையது என்பதை, நட்பு நிலவும் முதல் நாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.