ஆனந்தரங்கர் மாளிகை

பிரெஞ்சு மொழியில் ‘ஓத்தேல்’ என்றொரு சொல் உண்டு. அதனைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர்க்கு இட்டிலியும் காப்பியும் நினைவிற்கு வருதல் இயல்பே. ஆயின் பாரிசு நகரத்தார், பிரபுக்களும் பெருஞ்செல்வரும் நகரின் நடுவே தமக்கெனக் கட்டிக்கொண்ட தனி மாளிகையையும் அச்சொல்லாலேயே குறித்தனர். அம்மாளிகைகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றின் உடையவர்கள் அரசவையில் உயர்ந்ததும் வீழ்ந்ததுமான வரலாறேயாகும். பிரெஞ்சியர் ஆண்ட நம் புதுச்சேரியிலும் அத்தகைய மாளிகை ஒன்று இன்றும் நிற்கின்றது. அதனைக் கட்டியவரோ பிரெஞ்சியர் அல்லர், தமிழர். அவரே ஆனந்தரங்கப் பிள்ளை.

பிள்ளையவர்கள் 1709-ஆம் ஆண்டில் சென்னையைச் சார்ந்த பெரம்பூரில் பிறந்தவர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகர். அவருடைய மைத்துனர் நைனியப்ப பிள்ளை புதுவையில் பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாஷியாக விளங்கினார். துபாஷி என்றால் இருமொழியாளர் என்பது பொருள். எனினும் அவர் பணி பேச்சை மொழிபெயர்ப்பதோடு நின்றுவிடவில்லை. கும்பெனிக்கு வேண்டிய துணிகளைக் கொள்முதல் செய்வது முதல் ஊரார் வழக்குகளைக் கேட்பது வரை யாவும் அவர் கைவழியே நடந்தன. அவர் அழைப்பை ஏற்றே திருவேங்கடம் பிள்ளை புதுவையிற் குடியேறினார். ஆகவே இக்குடும்பமும், சித்திரபுரத்து மலையேறி வந்த நம் குடும்பங்களைப் போலவே, பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த குடும்பந்தான்.

வந்த இடத்தில் வாழ்வு எளிதாக இருக்கவில்லை. 1716-இல் கவர்னர் எபேர் நைனியப்பரைச் சிறையிலிட்டார். கசையடி, பெருந்தொகை அபராதம், சொத்துப் பறிமுதல் எனத் தண்டனைகள் அடுக்கடுக்காய் விழுந்தன. 1717-இல் அவர் சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப்ப பிள்ளை கப்பலேறிப் பிரான்சுக்கே சென்று நீதி கேட்டார். அங்கே கிறித்தவ சமயம் தழுவி, செவாலியே பட்டமும் பெற்று மீண்டு, தந்தையின் பதவியிலேயே அமர்ந்தார். கடல் கடந்து சென்று அரசாங்கத்திடமே நியாயம் வாங்கி வந்த அந்த மகனை நாம் எளிதில் மறத்தலாகாது. அவரும் 1724-இல் காலமானார்.

துபாஷியின் செல்வம் ஒரு துரையின் கையெழுத்தால் ஒரே நாளில் பறிபோகக்கூடும் என்பதைச் சிறுவயதிலேயே கண்டவர் ஆனந்தரங்கர். அவ்வாறு கண்டவரே 1730-களில் இம்மாளிகையை எழுப்பினார் என்பது வியப்பிற்குரியது. அதற்குள் அவர் பரங்கிப்பேட்டைப் பண்டகசாலையின் பொறுப்பை வகித்தும், சொந்த வாணிகம் நடத்தியும் பொருள் ஈட்டியிருந்தார்.

மாளிகையின் அமைப்பே அதன் தலைவரைக் காட்டுகின்றது. கீழ்த்தளம் முற்றிலும் நம் நாட்டு முறை. நடுவே முற்றம்; அதனைச் சூழச் சிற்ப வேலைப்பாடமைந்த மரத்தூண்கள். மேல்தளத்திற்கு ஏறினாலோ, பிரெஞ்சுப் பாணியில் சுதை பூசிய வெண்ணிறத் தூண்கள் வரிசையாய் நிற்கின்றன. கீழே செட்டியாரும் நெசவாளரும், மேலே துரைமாரும் என்று பகுத்தாரோ என நாம் எண்ணுவதுண்டு. அஃது நம் ஊகமே.

1742-இல் துய்ப்ளே கவர்னராக வந்தபின் பிள்ளையவர்களின் செல்வாக்கு ஓங்கிற்று. கனகராய முதலியார் 1746-இல் இறக்கவே, தலைமைத் துபாஷிப் பதவி இவரை வந்தடைந்தது. எனினும் அதிகாரத்தின் எல்லையையும் அவர் அறிந்தேயிருந்தார். 1748-இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டபோது, பிரெஞ்சியர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தனர். நகரத் தமிழர்க்கெல்லாம் தலைவராயிருந்தும் அவரால் அதனைத் தடுக்க இயலவில்லை. நடந்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவ்வளவே அவரால் இயன்றது. துய்ப்ளே 1754-இல் பதவியிழந்து கப்பலேறினார். 1756-இல் பிள்ளையவர்களின் பதவியும் போயிற்று.

1761 சனவரியில் ஆனந்தரங்கர் மறைந்தார். அதே மாதத்தில் புதுவை ஆங்கிலேயர் வசமாயிற்று. அவர்கள் கோட்டையையும் வெள்ளையர் நகரையும் தரைமட்டமாக்கினர். பெரும்பொருள் செலவிட்டுத் துய்ப்ளே கட்டிய கவர்னர் மாளிகையும் அவ்வழிவில் மறைந்தது. ஆண்டவர் அரண்மனை மண்ணாகியது. அவரிடம் பணிபுரிந்தவர் வீடோ தமிழர் பகுதியில் இருந்தமையால் தப்பிற்று.

அவ்வீட்டார் காத்த மற்றொரு செல்வம் 1736 முதல் பிள்ளையவர்கள் எழுதி வந்த நாட்குறிப்பாகும். கப்பல் வந்த நாள், துணியின் விலை, துரைமார் பேசிய பேச்சு, தம் மனவருத்தம் யாவும் அதில் பேச்சுத்தமிழிலேயே பதிவாகியுள்ளன. அவர் மறைந்தபின் குடும்பத்தாரும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். 1846-இல் கலுவா மோம்பிரன் என்னும் பிரெஞ்சியர் அச்சுவடிகளை உலகறியச் செய்தார். 1904 முதல் 1928 வரை அவை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தன. தமிழில் எழுதியதைத் தமிழர் அச்சிற் காண அதன்பின்னும் பல்லாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. இதனை நினைக்குந்தோறும் நமக்கு நாணம் உண்டாகின்றது.

புதுவை செல்லும் அன்பர்கள் விழுப்புரம் சந்திப்பில் வண்டி மாறலாம். கடற்கரையைப் பார்த்தபின், பெரிய கடைக்கு அருகேயுள்ள அரங்கப்பிள்ளை வீதிக்கும் செல்லுங்கள். குழந்தைகளை உடன் அழைத்துச் சென்று, அம்மாளிகை நிற்கும் இடத்தைக் காட்டுங்கள். அத்தெருவிற்கு அவர் பெயர் வந்த காரணத்தையும் அங்கேயே சொல்லுங்கள்.